நிலாவின் மறுபக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை குழிகள்? பூமி கேடயமா?

#1 வாசல்திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்னச் சிக்கல். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று கணினியில் நிலாவின் இரண்டு பக்கப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். நமக்குத் தெரியும் பக்கத்தில் பெரிய கருந்திட்டுகள், இடையிடையே குழிகள். மறுபக்கத்தில் திட்டு என்று சொல்லும்படி அதிகம் இல்லை. அம்மை வார்த்த முகம் போல எங்கு பார்த்தாலும் குழி. "ஏம்ப்பா அந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு அடி வாங்கியிருக்கு?" என்றாள். "நம்ம பக்கம் பூமி நிக்குதுல்ல, வர்ற கல்லையெல்லாம் அது தடுத்துடும்" என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.

படுத்த பிறகுதான் உறுத்தியது. இதை எங்கே படித்தேன் என்று ஞாபகமே வரவில்லை. நானே இட்டுக்கட்டினேனா, உண்மையிலேயே அப்படித்தானா? தப்பு என்றால் அவள் பள்ளியில் போய்ச் சொல்வதற்குள் திருத்தியாக வேண்டும்.

#2 தென்றல்78

நீங்கள் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 முதன்முதலாக மறுபக்கத்தைப் படம் எடுத்தபோதே இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டது. மறுபக்கம் எப்போதும் வெளியைப் பார்த்தே கிடக்கிறது. நம் பக்கத்துக்கு முன்னால் இவ்வளவு பெரிய பூமி. கூரைக்குக் கீழே நிற்பவன் நனையமாட்டான், முற்றத்தில் நிற்பவன் நனைவான். அவ்வளவுதானே?

#3 கணக்குப்பிள்ளை

கூரை எவ்வளவு பெரியது என்று அளந்துவிட்டுப் பேசலாமே தென்றல்.

பூமியின் விட்டம் ஏறத்தாழ 12,740 கி.மீ. நிலாவுக்கும் நமக்கும் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. நிலாவில் நின்று அண்ணாந்து பார்த்தால் பூமி வானத்தில் 2 பாகைக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில்தான் தெரியும். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த விரல் அகலம் கிட்டத்தட்ட 2 பாகை. முழு வானப் பரப்பில் அது 14,500-இல் ஒரு பங்கு. கொட்டும் மழையில் தலைக்கு மேலே ஒரு கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு "நான் நனையவில்லை" என்று சொல்ல முடியுமா?

கற்கள் பூமி இருக்கும் திசையிலிருந்து மட்டும் வருவதில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வருகின்றன. வாசல்திண்ணை சார், மகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

#4 தென்றல்78

விரல் கணக்கு அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கேள்வி. ஒன்று, பழைய காலத்தில் நிலா இன்னும் கிட்டே இருந்தது, வருடத்துக்கு 3.8 செ.மீ. விலகிக்கொண்டே போகிறது. அப்போது கூரை பெரிதாகத்தானே இருந்திருக்கும்? இரண்டு, பூமியின் ஈர்ப்பு கற்களைத் தன் பக்கம் இழுத்திருக்காதா?

#5 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்விகள். நிலா இப்போதிருக்கும் தொலைவில் பாதியில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அகலம் இரண்டு மடங்கு, மறைக்கும் பரப்பு நான்கு மடங்கு. 14,500-இல் ஒன்று என்பது 3,600-இல் ஒன்றாகும். இன்னும் விரல்தான், கூரை ஆகவில்லை.

ஈர்ப்புக்கு வருவோம். நிலா இருக்கும் தொலைவில் பூமியின் பிடியிலிருந்து தப்பிக்க நொடிக்கு 1.4 கி.மீ. வேகம் போதும். வரும் சிறுகோள்களோ நொடிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் வருகின்றன. வேகங்களை வர்க்கப்படுத்தி ஒப்பிட்டால் பூமி இழுப்பதால் வரும் மாற்றம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் அந்த வித்தியாசத்தை உண்டாக்க இது போதவே போதாது.

#6 கொடைமலைக்கண்ணாடி

கணக்கே வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம் என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. வளர்பிறை எட்டாம், ஒன்பதாம் நாளில் நிலாவின் தெற்குப் பகுதியைப் பாருங்கள். கிளேவியஸ் என்று 230 கி.மீ. அகலக் குழி. அதற்குள் வளைந்த வரிசையாகச் சின்னக் குழிகள், சுற்றிலும் குழிமேல் குழி. கால் வைக்க இடமில்லை. மறுபக்கப் படத்துக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படியே கண்ணாடியை மேலே நகர்த்தி அமைதிக் கடலுக்குப் போனால் கழுவிவிட்ட தரை மாதிரி இருக்கும்.

இரண்டுமே நம்மைப் பார்த்த பக்கம்தான். பூமி தடுத்தது என்றால் தெற்கையும் சேர்த்துத்தானே தடுத்திருக்க வேண்டும்? தடுத்தவன் யாரும் இல்லை. வடக்கே விழுந்த குழிகளை யாரோ பூசி மெழுகிவிட்டார்கள்.

#7 தென்றல்78

சரி, தோற்றேன். கிளேவியஸ் என்னைக் கவிழ்த்துவிட்டது. பூசி மெழுகியது யார்?

#8 பாறைப்பூ

எரிமலைக் குழம்பு. நான் புவியியல் முதுகலை படிக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கடல்" என்று பெயர் வைத்திருக்கும் கருந்திட்டுகள் எல்லாம் எரிமலைப் பாறை. நம்ம ஊர் தக்காணப் பீடபூமிக் கருங்கல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். முதலில் மிகப் பெரிய மோதல்கள் வட்டமான படுகைகளைத் தோண்டின. அப்புறம் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து உள்ளிருந்து குழம்பு கசிந்து வந்து அந்தப் படுகைகளில் தேங்கி இறுகியது. அதற்கு முன் அந்தத் தரையில் இருந்த குழிகள் எல்லாம் அடியில் போய்விட்டன. இப்போது அங்கே தெரிபவை குழம்பு இறுகிய பிறகு விழுந்தவை மட்டும். நம் பக்கத்தில் ஏறக்குறைய 31 விழுக்காடு இப்படிப் பூசப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் 2 விழுக்காடு இருந்தால் அதிகம்.

ஏன் நம் பக்கம் மட்டும் கசிந்தது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. மறுபக்கத்தில் மேலோடு தடிமன். 2012-இல் கிரெயில் என்ற இரட்டைக் கலங்கள் நிலாவைச் சுற்றி அதன் ஈர்ப்பை நுணுக்கமாக அளந்தபோது அது தெளிவாகவே தெரிந்தது. தடிமனான ஓட்டைத் துளைத்துக்கொண்டு குழம்பு மேலே வருவது கஷ்டம். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று சொல்லவும் முடியாது. தென்துருவ எய்ட்கின் படுகை மறுபக்கத்தில்தான் இருக்கிறது. அகலம் ஏறத்தாழ 2,500 கி.மீ., ஆழம் பயங்கரம், மேலோடு மெலிந்த இடம். அங்கேயும் குழம்பு நிரம்பி வழியவில்லை, ஆங்காங்கே கொஞ்சம்தான். கதிரியக்கத்தால் சூடு தரும் தனிமங்கள் நம் பக்கத்தில் அதிகம் சேர்ந்திருப்பதும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஆக, குழி வரைபடத்தைப் பார்த்து "வானம் எங்கே அதிகம் அடித்தது" என்று படிக்கக்கூடாது. "தரை எங்கே கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று படிக்க வேண்டும். எங்கள் துறையில் இதுதான் பிழைப்பே.

#9 வாசல்திண்ணை

நீளமாக எழுதியதற்கு நன்றி பாறைப்பூ. பிழைப்பு என்றால்? குழியை எண்ணி வயது சொல்வீர்களா?

#10 பாறைப்பூ

அதேதான். ஒரு சதுரத்தில் எத்தனை குழி, எந்த எந்த அளவில் என்று எண்ணினால் ஒரு தரை இன்னொன்றைவிட மூத்ததா இளையதா என்று தெரியும். மூத்தது, இளையது என்பதை ஆண்டுக் கணக்காக மாற்ற உண்மையான கல் வேண்டும். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த கற்களை ஆய்வகத்தில் வைத்து வயது கண்டார்கள். அவை எடுக்கப்பட்ட இடங்களில் குழிகளை எண்ணினார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு வளைகோடு வரைந்தார்கள். புதன், செவ்வாய் என்று மற்ற இடங்களின் வயதெல்லாம் இந்த ஒற்றைக் கோட்டைச் சரிசெய்து சொல்வதுதான்.

அந்தக் கோட்டில் நடுவே பெரிய வெற்றிடம் இருந்தது. அப்போலோ கற்களில் கடல் பாறைகள் 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அதற்கு இந்தப் பக்கம் 100 கோடிக்கும் குறைவான சில குழிகள். நடுவில் ஒன்றும் இல்லை. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்-இ 5 கொண்டுவந்த கல் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு வயது காட்டியது. வெற்றிடத்தின் நடுவே ஒரு முளை அடித்தது போல.

உங்கள் மகளின் கேள்விக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 2024 ஜூனில் நடந்தது. சாங்-இ 6 மறுபக்கத்திலிருந்தே கல் எடுத்து வந்தது. அதில் முக்கியமான எரிமலைப் பாறைக்கு 280 கோடி ஆண்டு. நம் பக்கக் கற்களை வைத்து வரைந்த அதே கோட்டோடு அது பொருந்திப் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே மழைதான்.

#11 பனைமரத்தடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே மழை என்றால் குழிகள் சமமாகப் பரவியிருக்க வேண்டாமா? மேட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஓரிடத்தில் நாலு சேர்ந்து நிற்கிறது, பக்கத்தில் வெறுமையாக இருக்கிறது. அங்கே ஏதோ இழுத்திருக்கிறது என்றுதானே தோன்றும்?

#12 கணக்குப்பிள்ளை

வாசலில் தண்ணீர் தெளிக்காமல் புழுதியாக விட்டு, முதல் தூறல் விழும்போது பாருங்கள். துளிகள் திட்டுத் திட்டாகத்தான் விழும். இரண்டு ஒட்டிக்கொண்டு, மூன்றாவது ஒரு முழம் தள்ளி. யாரும் இழுக்கவில்லை. எதேச்சையாக விழுந்தால் அப்படித்தான் இருக்கும். சம இடைவெளியில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அது யாரோ வைத்த கோலப்புள்ளி.

அந்தத் தூறலைக் கொஞ்ச நேரம் தொடரவிட்டால் இன்னொன்றும் தெரியும். ஒரு கட்டத்துக்கு மேல் புதுத் துளி விழும்போது பழைய தடம் ஒன்று அழியும். எண்ணிக்கை ஏறவே ஏறாது. வியாழனின் நிலவான கலிஸ்டோ கிட்டத்தட்ட அந்த நிலையில் இருக்கிறது. அப்படிப்பட்ட தரையில் "400 கோடி ஆண்டா, 430 கோடியா" என்று குழியை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. நிரம்பிய குடத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் குழாய் திறந்திருந்தது என்று கேட்பது மாதிரி.

#13 யாழ்வாணி

நீங்கள் எல்லோரும் "எல்லாப் பக்கமும் சமமாக விழும்" என்று முடித்துவிடப் பார்க்கிறீர்கள். முழுக்கச் சரியில்லை. ஒரு விலக்கு இருக்கிறது.

மழைக்குள் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும், நெஞ்சுப் பக்கம் தெப்பமாகிவிடும், முதுகு அவ்வளவு நனையாது. மழை நேராகத்தான் விழுகிறது. நாங்கள்தான் அதற்குள் பாய்ந்து போகிறோம். சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதால் அதற்கும் நிரந்தரமான நெஞ்சுப் பக்கம் ஒன்று உண்டு. வடக்கை மேலே வைத்த வரைபடத்தில் இடது விளிம்பு, அதாவது மேற்கு விளிம்பு. அந்தப் பக்கத்தில் இளம் குழிகள், சுற்றிலும் வெள்ளைக் கதிர்கள் தெறித்த குழிகள், முதுகுப் பக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கிளெமென்டைன் விண்கலத்தின் படங்களை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள்.

ஒன்றரை மடங்குதான், ஏனென்றால் சந்திரன் நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில்தான் போகிறது. மாட்டு வண்டி வேகம். வியாழனின் இன்னொரு நிலவான கானிமீடு நொடிக்குக் கிட்டத்தட்ட 11 கி.மீ. போகிறது. அங்கே வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

#14 பனைமரத்தடி

அருமை. அப்போ கானிமீட்டின் முன்பக்கம் சல்லடை, பின்பக்கம் வழுவழுப்பு?

#15 கணக்குப்பிள்ளை

அதுதான் இல்லை! யாழ்வாணி சொன்ன தத்துவம் சரி, கானிமீடு மட்டும் அதற்குக் கட்டுப்படவில்லை. கணக்குப்படி முன்பக்கத்தில் பல பத்து மடங்கு அதிகம் இருக்க வேண்டும். வாயேஜர், கலிலியோ கலங்களின் படங்களில் எண்ணினால் சில மடங்குதான் தேறுகிறது. கலிஸ்டோவிலும் இப்படி ஒரு சாய்வு தெளிவாக இல்லை, ஆனால் அது நிரம்பிய குடம், அதை விட்டுவிடலாம்.

கானிமீட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. அதன் பனி ஓட்டுக்குக் கீழே கடல் இருக்கிறது. ஓடு அதன்மேல் மிதக்கிறது. நெடுங்காலத்தில் ஓடு மெல்ல நழுவித் திரும்பியிருந்தால், ஒரு காலத்தில் நெஞ்சாக இருந்தது இன்னொரு காலத்தில் முதுகாகியிருக்கும். சைக்கிளில் ஒருவன் முன்னும் பின்னும் திரும்பி உட்கார்ந்துகொண்டே போனால் எல்லாப் பக்கமும்தானே நனையும்? நிரூபிக்கப்பட்டது என்று சொல்லமாட்டேன்.

#16 யாழ்வாணி

கானிமீடு கைவிட்டாலும் டிரைட்டன் கைகொடுக்கும். நெப்டியூனின் பெரிய சந்திரன், நெப்டியூன் சுழல்வதற்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. 1989 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 2 அருகே போய்ப் படம் எடுத்தது. தெரிந்த குழிகள் கிட்டத்தட்ட எல்லாமே முன்பக்கத்தில். இவ்வளவு சாய்வு சூரியனைச் சுற்றும் வால்வெள்ளிகளால் மட்டும் வராது என்றும், நெப்டியூனைச் சுற்றியே திரிந்த குப்பைகள் எதிரே வந்து முட்டியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து. எதிர்த்திசையில் போகிறவனுக்கு எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் நெஞ்சில்தான் மோதுவார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கலமும் அங்கே போகவில்லை. எல்லாச் சண்டையும் அந்த ஒரு நாள் படங்களை வைத்துத்தான்.

#17 கொடைமலைக்கண்ணாடி

முதல் கேள்விக்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு. வாசல்திண்ணை "பக்கத்தில் இருக்கும் பெரிய கோள் கேடயம்" என்றாரே, வியாழனில் கதை தலைகீழ்.

1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி துண்டு துண்டாக வியாழனில் விழுந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். அது 1992-இல் வியாழனுக்கு மிக அருகே போனபோதே அதன் ஈர்ப்பு அதைப் பிய்த்துவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள், மணிமாலை போல வரிசையாக. அதைப் பார்த்த பிறகுதான் ஒரு பழைய புதிர் விளங்கியது. கலிஸ்டோவிலும் கானிமீட்டிலும் தையல் போட்டது போல நேர்க்கோட்டில் குழி வரிசைகள் இருக்கின்றன. கானிமீட்டின் எங்கி வரிசையில் 13 குழிகள், 160 கி.மீ. நீளம். வியாழன் பிய்த்து எறிந்த வால்வெள்ளிகள் வெளியே போகும் வழியில் நிலவு ஒன்று குறுக்கே வந்தால் இப்படி ஆகும். வெளியே போகும் வழியில் என்பதால் இவை பெரும்பாலும் வியாழனைப் பார்த்த பக்கத்தில்தான் இருக்கின்றன.

அங்கே கோளைப் பார்த்த பக்கத்துக்குத்தான் கூடுதல் அடி. கூரையே கல்லெறிகிறது.

#18 தென்றல்78

கூரையே கல்லெறிகிறது! இதற்காகவே நான் தோற்றது வீண் போகவில்லை.

#19 சாமானியன்

எல்லோரும் நிலவுகளையே சுற்றுகிறீர்கள். வெள்ளியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஒரே நேரத்தில் மொத்தக் கோளும் உருகிப் புதுசானது என்று காணொளியில் பார்த்தேன், அது நிஜமா?

#20 பாறைப்பூ

வெள்ளிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கோலப்புள்ளி வாதம் நேராகப் பயன்படுகிறது.

மேகம் மூடியிருப்பதால் சாதாரணக் கேமராவால் வெள்ளியின் தரையைப் பார்க்க முடியாது. மெகல்லன் கலம் 1990 முதல் 1994 வரை ரேடார் கொண்டு கிட்டத்தட்ட முழுக் கோளையும் வரைந்தது. கிடைத்த குழிகள் ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு முழுக் கோளுக்கு! செவ்வாயில் 1 கி.மீ.க்கு மேற்பட்டவை மட்டும் 3,84,000-க்கு மேல் பட்டியலிடப்பட்டிருக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள். 3 கி.மீ.க்குக் குறைவான குழிகளே அரிது. அந்தத் தடித்த காற்று சின்னக் கற்களை வழியிலேயே நொறுக்கிவிடுகிறது. ஆகப் பெரியது மீட், 270 கி.மீ. அகலம்.

விசித்திரம் எண்ணிக்கையில் இல்லை, பரவலில் இருக்கிறது. நிலாவைப் போல இங்கே குழிமேல் குழி, அங்கே வெறுமை என்ற பிரிவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உருண்டையின்மேல் கடுகு தூவியது போல எதேச்சையாக இருக்கிறது. பல குழிகள் குலையாமல், குழம்பு மூடாமல் இருக்கின்றன. அதனால் மொத்தத் தரைக்கும் ஏறத்தாழ ஒரே சராசரி வயது, 50 கோடி ஆண்டுகளை ஒட்டி என்று சொல்கிறார்கள், கணக்குக்குக் கணக்கு 30-லிருந்து 75 கோடி வரை மாறும். இதிலிருந்துதான் "ஒரே மூச்சில் எல்லாம் புதுசானது" என்ற கருத்து வந்தது.

ஆனால் சாமானியன், காணொளியில் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னத் திட்டாக, இன்று இங்கே, நாளை அங்கே என்று சீராகப் பூசிக்கொண்டே வந்தாலும் பரவல் எதேச்சையாகத்தான் தெரியும். ஆயிரத்துக்கும் குறைவான புள்ளிகளை வைத்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். அதனால் சண்டை முப்பது வருடமாக நடக்கிறது.

#21 சாமானியன்

அவ்வளவு குறைவாகக் குழி இருந்தால் "மொத்தமும் உருகியது" என்பதுதான் எளிய விளக்கம் இல்லையா? சும்மா சண்டைக்காகச் சண்டை மாதிரி தோன்றுகிறது.

#22 பாறைப்பூ

எளிமை என்பது யார் பார்வையில்? ஒரு கோள் முழுவதும் ஒரே காலத்தில் குழம்பைக் கக்க வேண்டும், அப்புறம் சட்டென்று ஓய்ந்துவிட வேண்டும். அந்த வெப்பக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அது எளிமையாகவே தெரியாது. வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. ஒரே நாளில் அடித்தார்களா, மாதம் ஒரு அறையாக அடித்தார்களா என்று சுவரைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறீர்கள்.

சண்டையை விட்டு ஒரு சின்னச் செய்தி. வெள்ளியின் குழிகளுக்குப் பெண்களின் பெயர்தான் வைக்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்த ஆனந்திபாய் ஜோஷி பெயரில் ஒன்று இருக்கிறது.

#23 கொடைமலைக்கண்ணாடி

புதனில் கலைஞர்கள், எழுத்தாளர்கள். திருவையாற்றுத் தியாகராஜர் பெயரில் சுமார் 100 கி.மீ. அகலக் குழி அங்கே இருக்கிறது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு நம் நிலாவிலேயே ஒன்று. சரி, விஷயத்துக்கு வருவோம்.

#24 பனைமரத்தடி

விஷயம் என்றால் பூமிதான். இத்தனை அடி வாங்கிய நிலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். நமக்கு எங்கே குழி?

எங்கள் ஊர் ஏரி நல்ல வட்டம், நடுவில் மேடுகூட இருக்கிறது. விண்கல் விழுந்த இடம் என்று எங்கள் பெரியப்பா சத்தியம் செய்கிறார்.

#25 பாறைப்பூ

பெரியப்பா மனம் நோகாமல் சொல்கிறேன். வட்டமாக இருப்பதெல்லாம் மோதல் குழி இல்லை. அதிர்ச்சி அலை பட்டு உள்ளே இணைகோடுகள் விழுந்த குவார்ட்ஸ் மணிகள், பாறையில் கூம்பு கூம்பாக விரிந்த விரிசல்கள், இப்படி ஏதாவது கையில் கிடைத்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சோதனையில் தேறியவை உலகம் முழுவதும் சுமார் 200.

அந்த 200-ஐ வரைபடத்தில் வைத்தால் கனடா, பின்லாந்து, சுவீடன், ஆஸ்திரேலியா என்று குவியும். அங்கே அதிகம் விழவில்லை. அங்கே பாறை பழையது, நெடுங்காலமாக அசையாமல் கிடக்கிறது. தேடுகிற புவியியலாளர்களும் அதிகம். கடலடித் தரை முழுவதுமே 20 கோடி ஆண்டுகளுக்குள் பிறந்தது, பழையதெல்லாம் உள்ளே போய் உருகிவிட்டது. அடர்ந்த காட்டுப் பகுதிகளில் இருந்தாலும் கண்ணில் படாது. அதனால் பூமியின் குழி வரைபடம் தரையின் வயதைக் காட்டுவதோடு, யார் எங்கே தேடினார்கள் என்பதையும் காட்டுகிறது.

இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் லோனார், மத்தியப் பிரதேசத்தின் தாலா, ராஜஸ்தானின் ராம்கர். 2024-இல் கட்ச் பகுதியின் லூனாவும் மோதல் குழிதான் என்று ஓர் ஆய்வு வந்தது.

#26 தென்றல்78

லோனாருக்கு நான் போயிருக்கிறேன்! 1.8 கி.மீ. அகலம். விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும்போது காடு, கோயில், கீழே உப்பும் காரமும் கலந்த ஏரி. விடுதியில் இரண்டு மடங்கு வாடகை வாங்கிக்கொண்டு வெந்நீர்கூடத் தரவில்லை, அது தனிக்கதை. 2020 ஜூனில் அந்த ஏரி இளஞ்சிவப்பாக மாறியது செய்தியில் வந்ததே, உப்பு விரும்பும் நுண்ணுயிரிகள்தான் காரணம் என்றார்கள். 52,000 வருடப் பழமை என்று வழிகாட்டி சொன்னார்.

#27 பாறைப்பூ

அது பழைய அளவீடு. பின்னர் பாறையிலுள்ள ஆர்கான் வாயுவை வைத்து அளந்தபோது 5,70,000 ஆண்டு என்று வந்தது. பத்து மடங்கு வித்தியாசம். எரிமலைப் பாறையில் விழுந்த குழி என்பதால் நிலாவோடும் செவ்வாயோடும் ஒப்பிட லோனார் உலகப் புகழ் பெற்றது. அங்கேயே வயதில் இப்படித் தடுமாறினோம். கல்லைக் கையில் வைத்துக்கொண்டே.

#28 யாழ்வாணி

செவ்வாயைத் தொடாமல் இழையை மூடிவிடாதீர்கள். தெற்குப் பாதி குழிகள் நிறைந்த மேட்டு நிலம், வடக்குப் பாதி வழுவழுப்பான பள்ளம். சந்திரனின் கதையேதான், ஆனால் கோளையே இரண்டாக வெட்டினது போல. மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்திலிருந்த லேசர் உயரமானி வடக்கை அளந்தபோது, படத்தில் ஒன்றும் தெரியாத இடங்களில் மெல்லிய வட்டப் பள்ளங்கள் தெரிந்தன. புதைந்த குழிகள். மேலே பூசியது இளசு, அடித்தரை தெற்கைப் போலவே மிகப் பழசு. படுக்கை விரிப்புக்கு அடியில் பாத்திரங்கள் இருந்தால் மேலே வளையம் வளையமாகத் தெரியுமே, அப்படி.

#29 கொடைமலைக்கண்ணாடி

இதேபோல நமக்கும் ஒன்று கிடைத்தது. சந்திரயான் 3 இறங்கிய இடத்தை ஒட்டி, பின்னால் வந்த மோதல்களின் குப்பையில் பாதி புதைந்துபோன 160 கி.மீ. அகலப் பழங்குழி ஒன்று இருப்பதாக 2024-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் எழுதினார்கள். பிரக்யான் உலாவியின் கேமராப் படங்களும் அதற்கு உதவின.

#30 வாசல்திண்ணை

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மகளிடம் அன்றைக்கே திருத்திச் சொல்லிவிட்டேன். கட்டைவிரல் உதாரணம் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது, வீட்டில் யார் குடை கேட்டாலும் விரலைக் காட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நிலாவின் பெரிய படம் ஒன்றை அச்செடுத்து இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். ஒரே அளவு சதுரங்கள், ஒன்று தெற்கு மேட்டில், மற்றவை கடல்களில். தெற்கில் பாதியிலேயே எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. அமைதிக் கடலில் விரல்விட்டு எண்ணலாம். இதுவரை நீங்கள் சொன்னபடியே.

ஆனால் ஒரு சதுரம் உதைக்கிறது. கோப்பர்னிகஸ் குழிக்கும் எரட்டோஸ்தனிஸ் குழிக்கும் நடுவே, அதுவும் கருந்திட்டுப் பகுதிதான், பொடிக் குழிகள் கொட்டிக் கிடக்கின்றன. சில இடங்களில் சரம் சரமாக. அந்த ஒரு மூலை மட்டும் மேட்டு நிலத்தைவிடப் பழசா?

#31 பாறைப்பூ

ஆகா, சரியான இடத்தில் போய் மாட்டினீர்கள். அவை வானத்திலிருந்து வந்த குழிகளே இல்லை. கோப்பர்னிகஸ் 93 கி.மீ. அகலம், வயது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு. அது உண்டானபோது தெறித்த பாறைகள் சுற்றிலும் விழுந்து தோண்டியவைதான் நீங்கள் பார்த்தவை. இரண்டாம் நிலைக் குழிகள் என்போம். ஒரே நிமிடக் கணக்கில் விழுந்தவை. சரமாக இருப்பது அதற்கு அடையாளம். எண்ணும்போது இவற்றைக் கழித்துவிட வேண்டும்.

கழிப்பது எப்போதும் இவ்வளவு சுலபமில்லை. செவ்வாயில் சுனில் என்று 10 கி.மீ. குழி ஒன்று. அது மட்டும் ஒரு கோடி அளவில் பொடிக் குழிகளைத் தெறித்திருக்கிறது என்று 2005-இல் கணக்கிட்டார்கள். தூரத்தில் போய் விழுந்தவை சரமாகவும் இருக்காது, பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். வியாழனின் நிலவான யூரோப்பாவின் சின்னக் குழிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பொடிக் குழிகளை நம்பி வயது சொன்னவர்கள் பலர் அந்தக் காலத்தில் கொஞ்சம் நெளிந்தார்கள்.

#32 கணக்குப்பிள்ளை

அதனால் சார், சதுரத்தைக் கோப்பர்னிகசிலிருந்து தள்ளிப் போடுங்கள். 1 கி.மீ.க்குக் கீழே எண்ணவே வேண்டாம்.

#33 வாசல்திண்ணை

மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நாம எண்ணினதுல பாதி ஒரே கல்லோட வேலையா?" என்று கேட்டுவிட்டு அழிரப்பரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஞாயிறும் போச்சு.